கிரீஸுக்கு அடியில ஒரு டைம்ஸ்டாம்ப்: 1966 கார்வெட் டிஃபரன்ஷியல்

ஆபீஸ்ல தினமும் லாக் ஃபைல் படிக்கிறவன் நான். இன்னைக்கு நாம படிக்கப் போற லாக் அறுபது வருஷம் பழசு. ஒரு ஸ்போர்ட்ஸ் காரோட அடிவயித்துல, கிரீஸுக்குக் கீழ இருக்கு.

கார், செவ்ரலே கார்வெட். 1963-ல வந்த இரண்டாம் தலைமுறையில, சோரா ஆர்கஸ்-டன்டோவ் என்ற இன்ஜினியரின் முயற்சியால பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கிடைச்சது. நடுவுல டிஃபரன்ஷியல். 1966 மாடல் மட்டும் 27,720 கார்கள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆலையிலிருந்து வெளியே வந்தன.

இன்னைக்கு அந்தக் கார்களை வாங்குறவங்க முதல்ல கேட்கிறது, "எல்லா பாகமும் ஒரிஜினலா?" விலையே அந்தப் பதில்லதான் நிக்குது. இன்ஜின்ல காரோட சீரியல் நம்பரே குத்தியிருக்கும். ஒத்துப் பார்த்தா போதும். டிஃபரன்ஷியல்ல அந்த நம்பர் கிடையாது. அப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ரெண்டு குறி இருக்கு. ஒண்ணு, இரும்பை வார்க்கும்போதே புடைச்சு வந்த தேதி. உதாரணத்துக்கு 'பி 21 6'. ஏ ஜனவரி, பி பிப்ரவரி, 21 நாள், 6 என்பது வருஷத்தோட கடைசி இலக்கம். அதாவது 1966 பிப்ரவரி 21. ரெண்டாவது, ஹவுசிங்கோட அடிப்பக்கம், பின்மூடி சேர்ற இடத்துக்கிட்ட உளியால குத்தின மாதிரி ஒரு வரி: 'ஏஎன் 3 4 66'.

'ஏஎன்' என்றால் 3.55 விகிதம், பாசிட்ராக்‌ஷன். சக்கரம் ஒரு சுற்று சுத்த, டிரைவ் ஷாஃப்ட் 3.55 சுற்று சுத்தும். ஒரு சக்கரம் வழுக்கினாலும் இன்னொண்ணுக்கு சக்தி போகும். 'ஏஎல்' 3.08, ஹைவேக்கு. 'ஏபி' 4.11, சீறிப் பாயறதுக்கு.

தேதியிலதான் நம்மாளுங்க மாட்டிப்போம். '3 4' ஏப்ரல் 3 இல்ல; அமெரிக்காவுல மாசம் முதல்ல வரும், அதனால மார்ச் 4. காலண்டரைப் பாருங்க: 1966 ஏப்ரல் 3 ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 4 வெள்ளிக்கிழமை!

இப்போ வரிசை: முதல்ல வார்ப்பு, அப்புறம் டிஃபரன்ஷியலைப் பூட்டின நாள், கடைசியா கார் தயாரான நாள். இந்த மூணும் இதே வரிசையில, சில வார இடைவெளியில வரணும். பிப்ரவரியில தயாரான கார்ல மார்ச் மாச டிஃபரன்ஷியல் இருந்தா, அது பின்னாடி மாத்தினது.

ஆனா வரிசை சரியா இருந்தாலும் 'இது இந்தக் காரோடதுதான்'னு நிரூபணம் ஆகாது. 'இருக்கலாம்'னு மட்டும்தான் சொல்லலாம். அதே வாரத்து டிஃபரன்ஷியலை வேற கார்ல இருந்து கழட்டியும் மாட்டியிருக்கலாம். பழைய குறியைத் தேய்ச்சு புதுசா குத்துறவங்களும் உண்டு. உள்ளே கியரை மட்டும் மாத்திட்டு குறியை அப்படியே விட்டவங்களும் உண்டு.

அதனால காரைத் தூக்கி நிறுத்தி, கியரை நியூட்ரல்ல வெச்சு, ரெண்டு பின்சக்கரத்தையும் சேர்த்து பத்து சுற்று சுத்துங்க. டிரைவ் ஷாஃப்ட் முப்பத்தஞ்சரை சுற்று வந்தா உள்ளே இருக்கிறது 3.55. நாற்பத்தொண்ணு வந்தா, வெளியே எழுதியிருக்கிறது பழங்கதை.

எங்க தொழில்லயும் இதேதான். கமென்ட்ல என்ன வேணா எழுதலாம். ஓட்டிப் பார்த்தாதான் கோட் என்ன செய்யுதுன்னு தெரியும். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி சக்கரத்தைச் சுத்திப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!