பதிவேடு காட்டிய பழுது

1962 இல் இங்கிலாந்து மருத்துவர் ஜோன் சார்ன்லி அமைத்த இடுப்பு மூட்டில், உலோகப் பந்து பிளாஸ்திக்குக் கிண்ணத்துள் சுழன்றது. கிண்ணம் தேய்வது கண்டு, பின்வந்தோர் சிலர் அதனையும் உலோகமாக்கினர். டிபியூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டு அத்தகையது. உலோகம் இரண்டும் உரசக் கோபாற்று, குரோமியத் துகள்கள் உதிர்ந்து பலரின் தசையைக் கெடுத்தன.

இம்மூட்டுக்கு மறுசத்திரசிகிச்சை மிகுவதை அவுஸ்திரேலியாவின் மூட்டுப் பதிவேடு 2007 இலேயே சுட்டிற்று. உலகெங்கணும் அது திரும்பப் பெறப்பட்டதோ 2010 ஓகஸ்டில். அதற்குள் ஏறத்தாழ 93,000 பேர் அதனை உடலில் தாங்கியிருந்தனர். கடைப்பொருளை மீட்பது எளிது. உடலிலுள்ளதை மீட்க மறுபடியும் கத்தி வேண்டும்.

நோயாளர் வழக்காடினர். 2013 இல் அமெரிக்காவில் சுமார் 8,000 பேருக்கு 250 கோடி டொலர் நட்டஈடு வழங்க உடன்பாடாயிற்று. அதனைப் பெற, பொருத்தப்பட்டது எம்மூட்டு என்பதற்கு மருத்துவப் பதிவு வேண்டியிருந்தது. பழுதைக் காட்டியதும் பதிவு. உரிமையைக் காத்ததும் பதிவே.