வறுமை வேறு, எளிமை வேறு

ரப்பர் விலை சரிந்த 1930இல் மலாயாத் தோட்டங்களில் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணின் கூலி 40இலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து கப்பலேறினர். நெகிரி செம்பிலான் லயங்களில் ஒரு குடும்பத்தின் சொத்து பெரும்பாலும் ஒரு பெட்டி, பாய், சட்டி பானை, அவ்வளவுதான். அவர்களிடம் போய், இருப்பதைக் கொண்டு திருப்தியடையச் சொன்னால் அது யாருக்கு உதவும்? தோட்ட முதலாளிக்குத்தான்!

பவுல் அடிகளார் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் மனநிறைவைப் பற்றிச் சொன்னார். விலங்கு பூட்டப்பட்ட நிலையில், தாம் கற்றுக்கொண்டதாகத் தம்மைப் பற்றியே சொன்னார். பசித்தவனை அடக்க அவர் அதைச் சொல்லவில்லை.

இத்தோட்டங்களுக்கு ஆள் வந்த மாவட்டங்களுள் ஒன்று வட ஆர்க்காடு. அங்கே திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. தொடங்கிய சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன் இருவருமே மருத்துவர்கள். ஒருவர் தமிழர், மற்றவர் வெள்ளைக்காரர். வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் திருமணத்தைத் துறந்து, கதர் உடுத்தி, சைவ உணவு உண்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தனர். மக்கள் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அழைத்தனர். (மிஷனரி பங்களாக்களில் துரை என்று அழைக்கப்பட்ட காலம் அது.)

துறக்க ஏதாவது கையில் இருந்தவர்கள் அவர்கள். லயத்து மக்களுக்கோ அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. எளிமை அவ்விருவரையும் அநியாயத்தின் முன் ஒதுங்கி நிற்கவும் வைக்கவில்லை. சுதந்திரப் போராட்டத்தின் பக்கம் நின்ற பேட்டன், 1932இல் சென்னைத் தெருவில் போலீசாரிடம் தடியடி பட்டார்.