தொலைக்காட்சியில் குடும்ப ஆல்பம்: கோடாக்கின் ஃபோட்டோ சிடி

சொந்தப் புகைப்படங்களைத் தொலைக்காட்சியில் பார்ப்பது இன்று பெரிய காரியமல்ல. 2017இல் சாம்சங் வெளியிட்ட 'தி ஃபிரேம்', நிகழ்ச்சி ஓடாத நேரத்தில் சட்டமிட்ட ஓவியமாகவே சுவரில் இருக்கும். இந்த ஆசையை முன்கூட்டியே கடைச்சரக்காக்கியவர்களில் கோடாக் நிறுவனத்துக்கு முக்கிய இடமுண்டு. பிலிப்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய ஃபோட்டோ சிடியை அது 1990இல் அறிவித்து, 1992இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அப்போது வீடுகளில் டிஜிட்டல் காமிரா கிடையாது. ஃபிலிம் சுருளைக் கடையில் கொடுத்தால் படங்களை ஸ்கேன் செய்து குறுந்தகட்டில் பதிந்து தருவார்கள். ஒரு தகட்டில் சுமார் நூறு படங்கள். இடம் மிச்சமிருந்தால் அதே தகட்டைத் திரும்பக் கொண்டுபோய் அடுத்த சுருளையும் சேர்க்கலாம். அதற்கென விற்ற பிளேயரைத் தொலைக்காட்சியுடன் இணைத்து, ரிமோட்டால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான். பாட்டு சிடியும் அதில் ஓடும்.

மெச்ச வேண்டிய விஷயம் வேறு. ஒவ்வொரு படமும் ஐந்து அளவுகளில் பதிவானது. மிகச் சிறியது 192×128 புள்ளிகள். தொலைக்காட்சிக்கானது 768×512, அதாவது ஏறத்தாழ 4 லட்சம் புள்ளிகள். மிகப் பெரியது 3072×2048, 63 லட்சம்! அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சி என்டிஎஸ்சி முறையில் 480 வரிகளையும், இந்தியாவின் பால் முறை 576 வரிகளையுமே காட்டின. (ஊரிலிருந்து வந்த கல்யாண வீடியோ அமெரிக்க டெக்கில் ஓடாமல் தவித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் மறந்திருக்காது.) பின்னால் வந்த ஹெச்டி பெட்டிக்கும் 1080 வரிகள்தான். 2160 வரிகள் கொண்ட 4கே பெட்டி வந்த பிறகே, 1992ஆம் ஆண்டுத் தகட்டின் 2048 வரிகளும் சுருங்காமல் திரையில் அடங்கின.

அதற்குள் பிளேயர்கள் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன. டிஜிட்டல் காமிரா பரவியதும் ஒரு காரணம். கோடாக் தன் கோப்பு வடிவத்தின் நுணுக்கங்களை முழுமையாக வெளியிடாமல் கையில் வைத்துக்கொண்டது இன்னொன்று. என் பார்வையில் இதுவே பெரிய பிழை. அதே 1992இல் ஏற்கப்பட்ட ஜேபெக் தரத்தின் விவரம் எல்லோருக்கும் கிடைத்தது. இன்று கைபேசி முதல் தொலைக்காட்சி வரை ஜேபெக்கைப் படிக்காத கருவி அரிது. ஃபோட்டோ சிடியின் பிசிடி கோப்பையோ, ஒரு காலத்தில் திறந்துகொண்டிருந்த ஃபோட்டோஷாப்பே பின்னர் கைவிட்டது.

நெகட்டிவ் தொலைந்து, தகடு மட்டும் அலமாரியில் இருக்கும் வீடுகள் உண்டு. எழுதத்தக்க குறுந்தகட்டின் சாயம் காலப்போக்கில் மங்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கணினியின் சிடி டிரைவில் போட்டு, பிசிடி கோப்புகளை முதலில் அப்படியே நகலெடுங்கள். பிறகு 'பிசிடி டு ஜேபெக்' போன்ற இலவச மென்பொருளால் மாற்றலாம். சில மென்பொருள்கள் 768×512 அளவை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு வேலை முடிந்ததாகச் சொல்லும். மாற்றிய படத்தின் நீளம் 3072 புள்ளிகள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தகட்டை எடுத்து வையுங்கள்.