நீரிழிவும் அறுவைச் சிகிச்சையும்: ஒரு வரலாற்று நோக்கு

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குச் சென்ற ஒருவர், "இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கிறது, குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்ற சொல்லோடு வீடு திரும்புவது இந்நாட்டில் அரிய செய்தியன்று. திரும்பியவர் மனம் நோவதும் இயல்பே. குடலிறக்கத்திற்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு, முழங்கால் மூட்டுக்கும் இனிப்பு நீருக்கும் என்ன உறவு என்று கேட்பவர் நம்மிடையே பலர். இக்கேள்விக்குரிய விடை மருத்துவ வரலாற்றில் உள்ளது. பல உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற விடை அது.

நீரிழிவு மிகப் பழைய நோய். சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல்கள் தேன்போல் இனிக்கும் சிறுநீரைக் குறிப்பிட்டு, அந்நோய்க்கு மதுமேகம் எனப் பெயரிட்டன. கி.பி. 2-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் கிரேக்க மருத்துவர் அரேட்டியசு, உடலின் தசை உருகிச் சிறுநீராய் ஒழுகும் நோய் என்று இதனை வருணித்தார். ஆயினும், சிறுநீரில் இறங்கும் இனிப்பு குருதியிலும் உண்டு என்பதை 1776-இல் ஆய்ந்து வெளியிட்டவர், இங்கிலாந்தின் லிவர்பூல் நகர மருத்துவர் மாத்யூ டாப்சன் ஆவார். சிறிய செய்திபோல் தோன்றும் இது, உண்மையில் பெரியது. நோயின் இடம் சிறுநீர்ப்பையன்று, உடல் முழுதும் ஓடும் குருதியே என்பதற்கு இது சான்றாயிற்று. குருதி செல்லும் இடமெல்லாம் சர்க்கரையும் செல்லும். கத்தி பட்ட புண்ணுக்கும் செல்லும்.

அறுவை மருத்துவம் 19-ஆம் நூற்றாண்டில் இரு பெரும் படிகளைக் கடந்தது. 1846 அக்டோபர் 16-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி, வலியற்ற அறுவையைப் பலரறியச் செய்து காட்டினார். 1867-இல் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண்ணில் கிருமி பெருகாமல் தடுக்கும் முறையை வெளியிட்டார். இவ்விரண்டினாலும் எண்ணிறந்தோர் பிழைத்தனர். ஆனால் நீரிழிவுடையோர்க்கு மட்டும் அந்த நன்மை முழுமையாகக் கிட்டவில்லை.

ஏன் கிட்டவில்லை? காரணங்கள் மூன்று. முதலாவது, சர்க்கரை மிகுந்த குருதியில் வெள்ளணுக்கள் கிருமிகளைப் பற்றி அழிக்கும் ஆற்றலை இழக்கின்றன. அதனால் புண் ஆறாமல் சீழ்ப்பிடிக்கிறது. இரண்டாவது, அறுவையே உடலுக்கு ஓர் அதிர்ச்சி. அப்போது அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்பு நீர்கள் மிகுதியாகச் சுரந்து, கல்லீரலில் உள்ள சர்க்கரையைக் குருதியில் கொட்டச் செய்கின்றன. ஈதர் மயக்கமும் சர்க்கரையை உயர்த்தியது. மூன்றாவது, உடல் சர்க்கரையைப் பயன்படுத்த இயலாமல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதிலிருந்து பிறக்கும் அமிலம் குருதியில் தேங்கி நோயாளியை ஆழ்ந்த நினைவிழப்பில் தள்ளும். அந்நிலையில் வாங்கும் நெடுமூச்சை 1874-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ப் குஸ்மால் விவரித்தார். அக்காலத்தில் அந்த மூச்சு பெரும்பாலும் இறுதி மூச்சாகவே இருந்தது.

ஆகவே அறுவை மருத்துவர்கள் நீரிழிவு நோயாளியைக் கண்டால் அஞ்சினர். அழுகிய காலை வெட்டாவிட்டால் உயிர் போகும் என்ற நிலையில்தான் கத்தியை எடுத்தனர். எடுத்தபோதும் நம்பிக்கை குறைவு. 1910-களில் அமெரிக்க மருத்துவர் பிரடெரிக் ஆலன் வகுத்த பட்டினி உணவு முறை சர்க்கரையைக் குறைத்தது உண்மையே. ஆனால் அது நோயாளியை எலும்பும் தோலுமாக்கியது. அவ்வுடல் அறுவையை எங்ஙனம் தாங்கும்?

விடிவு கனடாவிலிருந்து வந்தது. கணையத்தை அகற்றினால் நாய்க்கு நீரிழிவு உண்டாகிறது என்பதை 1889-இல் மேரிங், மின்கோவ்ஸ்கி என்ற இருவர் கண்டறிந்திருந்தனர். அக்கணையத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்கும் முயற்சியில், 1921-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பிரடெரிக் பாண்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகிய இருவரும் ஈடுபட்டனர். பேராசிரியர் மக்லியாடு இடமும் வழியும் தந்தார். கோலிப் மருந்தைத் தூய்மைப்படுத்தினார். 1922 சனவரி 11-இல் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அப்போது அவன் எடை ஏறத்தாழ 65 இராத்தல்தான். முதல் மருந்து போதிய பயன் தரவில்லை. சனவரி 23 முதல் தூய மருந்து கொடுக்கப்பட்டபின் சர்க்கரை இறங்கியது; சிறுவன் பிழைத்தான். அம்மருந்தே இன்சுலின்.

பாண்டிங் பயிற்சியால் ஓர் அறுவை மருத்துவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அதே 1922-ஆம் ஆண்டுக் கோடையில், டொராண்டோவிலேயே, கால் அழுகிய நீரிழிவுப் பெண்மணி ஒருவருக்கு இன்சுலின் துணையுடன் அந்தக் கால் அகற்றப்பட்டது. அவர் உயிர் பிழைத்தார். ஆறே ஆண்டுகளில், 1928-இல், மக்கிட்ரிக், ரூட் என்னும் இரு பாஸ்டன் மருத்துவர்கள் நீரிழிவு நோயாளிகளுக்கான அறுவை மருத்துவத்தைப் பற்றித் தனி நூலே வெளியிட்டனர். அஞ்சி ஒதுக்கிய துறை பாடநூல் கொண்ட துறையாயிற்று.

மருந்து கிடைத்தது, அளவறியும் வழி எளிதாகவில்லை. சிறுநீரை நீலநிறக் கரைசலோடு சேர்த்துக் காய்ச்சி, அது பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறுவதைக் கண்டே நெடுங்காலம் இன்சுலின் அளவைக் கணித்தனர். சிறுநீரோ கடந்த நேரத்தின் செய்தியையே கூறும். அறுவை மேசையில் உள்ளவருக்கு வேண்டியது இந்த நொடியின் செய்தி. ஒரு துளிக் குருதியால் சில நிமிடங்களில் அளவு காட்டும் கருவிகள் 1970-களில் பரவிய பிறகே இக்குறை நீங்கலாயிற்று. 1979-இல் ஆல்பர்ட்டி, தாமஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர்கள் குளுக்கோஸ், இன்சுலின், பொட்டாசியம் மூன்றையும் ஒரே புட்டியில் கலந்து நரம்புவழிச் செலுத்தும் எளிய முறையைப் பரிந்துரைத்தனர். பட்டினி கிடக்கும் உடலுக்கு உணவும் மருந்தும் ஒருசேரக் கிட்டின.

இனி, எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற வினா எழுந்தது. 1999-இல் அமெரிக்காவின் போர்ட்லந்து நகரிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. நீரிழிவுடன் இதய அறுவை செய்துகொண்ட 2,467 பேரைப் பற்றியது அது. தோலடியில் விட்டுவிட்டு இன்சுலின் போட்ட முந்தைய காலத்தில் நெஞ்செலும்புப் புண் ஆழமாகச் சீழ்ப்பிடித்தோர் 100-க்கு 2 பேர். நரம்புவழி இடையறாது இன்சுலின் செலுத்திய பிந்தைய காலத்தில் அது 0.8 ஆகக் குறைந்தது. 2001-இல் பெல்சியத்தின் லூவன் நகர ஆய்வு ஒருபடி மேலே சென்றது. அறுவைக்குப்பின் தீவிர சிகிச்சையில் இருந்த 1,548 பேரில் ஒரு சாராரின் சர்க்கரையை 80 முதல் 110 மில்லிகிராம் வரை இறுக்கிப் பிடித்தபோது, அப்பிரிவில் இறந்தோர் 100-க்கு 8 என்பதிலிருந்து 4.6 ஆகக் குறைந்தனர். உலகெங்கும் மருத்துவர்கள் மகிழ்ந்தனர். எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நன்மை என்றெண்ணினர்.

அவ்வெண்ணம் நிலைக்கவில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளின் மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சை பெற்ற 6,104 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2009-இல் வந்தது. இறுக்கிப் பிடித்த பிரிவில் 90 நாளுக்குள் இறந்தோர் 100-க்கு 27.5, சர்க்கரையை 180-க்குள் வைத்த பிரிவில் 24.9. சர்க்கரை அளவுகடந்து தாழ்ந்துபோகும் தீங்கும் முதற் பிரிவில் பன்மடங்காக இருந்தது. விழித்திருப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் வியர்க்கும், நடுங்கும், பசிக்கும், அவரே கூறிவிடுவார். மயக்கத்தில் கிடப்பவர் எதைக் கூறுவார்? நோய்க்குக் காரணம் கூறவந்த வள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே மிகுதி, குறைவு இரண்டையும் சேர்த்தே கூறினார். அவர் கூறியது வளி முதலான மூன்றைப் பற்றி. சர்க்கரைக்கும் அது பொருந்துவதை இந்த ஆய்வு காட்டியது.

இவ்வாறு அச்சம், துணிவு, மிகைத் துணிவு என்னும் மூன்றையும் கடந்து மருத்துவம் நடுவழிக்கு வந்து சேர்ந்துள்ளது. அறுவையை ஒட்டிய நேரத்தில் 100 முதல் 180 மில்லிகிராம், அதாவது நம் மருத்துவமனைக் கணக்கில் ஏறத்தாழ 5.6 முதல் 10 மில்லிமோல் வரை சர்க்கரை இருத்தல் நன்று என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல். ஒருநாள் பட்டினியால் அன்றைய அளவைக் குறைத்துக்காட்டலாம். ஆனால் குருதிச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரை ஏறத்தாழ மூன்று மாத வரலாற்றைச் சொல்லிவிடும். நீரிழிவுடையோரிடம் அது மிகுந்திருப்பதை 1968-இல் ஈரானிய அறிஞர் சாமுவேல் ரஹ்பர் கண்டறிந்தார். அவ்வளவு 100-க்கு 8-க்குக் கீழ் வந்தபின், காத்திருக்கக்கூடிய அறுவையைச் செய்வதே இயன்றவரை நலம் என்பர். உடனே செய்யாவிடில் உயிர் போகும் அறுவைக்கு இக்காத்திருப்பு இல்லை. அங்கே மருத்துவர் இன்சுலினைச் செலுத்திக்கொண்டே அறுப்பர்.

மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நலக் கணக்கெடுப்பின்படி, வளர்ந்தோரில் 100-க்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. 2023-இல் அது 15.6. இனவாரியாகப் பார்த்தால் 2019-இல் இந்தியரிடையே அது மிகுதி. ஆகவே இவ்வரலாறு நமக்கு வெறும் அயல்நாட்டுக் கதையன்று. ஒத்திவைத்தல் மறுத்தலாகாது என்பதை நாம் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். உண்ணும் மாத்திரை அனைத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில மாத்திரைகள் அறுவை நாளில் மட்டும் நிறுத்தப்படும். சிறுநீர்வழிச் சர்க்கரையை வெளியேற்றும் புதிய மாத்திரைகள் மூன்று நான்கு நாள் முன்பே நிறுத்தப்படும். இன்சுலினையோ தாமாக நிறுத்தவே கூடாது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர் கூற வேண்டுமேயன்றி, அண்டை வீட்டார் கூறலாகாது.

இதில் ஆசிரியர்க்கும் பங்குண்டு. மருத்துவமனை தரும் மலாய்க் குறிப்பையோ ஆங்கிலக் குறிப்பையோ வீட்டில் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் படித்துச் சொல்பவர் பல குடும்பங்களில் நம் பள்ளிப் பிள்ளைகளே. அக்குறிப்பிலுள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதை அப்பிள்ளைகளுக்கு வகுப்பில் ஒரு பாடவேளை ஒதுக்கிக் கற்பித்தால் போதும். சில வீடுகளில் ஒரு கால் தப்பும், சில வீடுகளில் ஓர் உயிர் தப்பும்.