மோன் பிளாங் உச்சியில் ரெண்டு பேர், சிலையில் ஒருத்தர்

இந்த எபிசோட்ல நாம போகப் போற ஊர் ஷமொனி. பிரான்ஸ் பக்கத்து ஆல்ப்ஸ். ஊரே 1,035 மீட்டர் உயரத்துல இருக்கு. காலையில கேபிள் கார்ல ஏறினா, நடுவுல 2,317 மீட்டர்ல ஒரு தடவை பெட்டி மாறணும். அதுக்கு மேல ஒரு தூண்கூட இல்லாம கம்பி நேரா எகுயி து மிடிங்கிற ஊசிப் பாறைக்குப் போகுது. மொத்தம் 20 நிமிஷம், அவ்வளவுதான். கடைசியா ஒரு லிஃப்ட், 3,842 மீட்டர். 1955-ல திறந்தது. மேல போனதும் படியில ஓடாதீங்க, மூச்சு வாங்கும்.

அங்க நின்னா எதிர்ல வெள்ளையா, உருண்டையா தெரியறதுதான் மோன் பிளாங், சுமார் 4,800 மீட்டர். இன்னிக்குப் பேசப் போறது அதுல முதல்ல ஏறினவங்களைப் பத்தி.

1760-ல சொசூர்னு ஜெனீவாக்காரர், அப்போ அவருக்கு 20 வயசு, ஷமொனிக்கு வந்தார். உச்சிக்கு வழி கண்டுபிடிக்கிறவங்களுக்குப் பரிசுன்னு அறிவிச்சார். 26 வருஷம் அந்தப் பரிசை யாராலும் வாங்க முடியல. 1786 ஆகஸ்ட் 8 சாயங்காலம் ரெண்டு பேர் உச்சியைத் தொட்டாங்க. ஒருத்தர் ழாக் பல்மா, மலையில ஸ்படிகக் கல் தேடி விக்கிறவர். இன்னொருத்தர் மிஷெல் கேப்ரியல் பக்கார், ஊர் டாக்டர். கயிறு கிடையாது, கையில நீளமான கம்பு மட்டும். டாக்டர் பாரோமீட்டரையும் தூக்கிட்டுப் போனார். காத்தழுத்தத்தை வச்சு உயரத்தைக் கணக்குப் போடத்தான்.

பல்மா ஜெனீவா போய் பரிசை வாங்கிக்கிட்டார். அதுல தப்பில்ல. சிக்கல் பேப்பர்ல ஆரம்பிச்சது. ஜெனீவாவுல பூரின்னு ஒரு எழுத்தாளர் (சிரிக்காதீங்க, பேரே அதுதான்). அவரே ஏறப் பார்த்துத் தோத்தவர். பல்மாதான் ஹீரோ, டாக்டர் சும்மா கூடப் போனவர்ங்கிற மாதிரி அவர் எழுதிட்டார். பக்கார் நானே புத்தகம் போடறேன்னு விளம்பரம் கொடுத்தார். அந்தப் புத்தகம் வரவே இல்ல.

1827-ல டாக்டர் இறந்துட்டார். அஞ்சு வருஷம் கழிச்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமா ஷமொனிக்கு வந்து, வயசான பல்மாவை உட்கார வச்சுக் கதை கேட்டார். அந்தக் கதையில பல்மா சிங்கம். டாக்டர் பாதி வழியில சுருண்டு விழுந்து, இழுத்துட்டுப் போக வேண்டிய ஆள். தூமா எழுதினா ஊரே படிக்கும். மறுக்கறதுக்கு டாக்டரும் இல்ல. நம்ம வேலையில கிட் லாக்ல யார் பேர் இருக்கோ அவங்கதான் கோட் எழுதினவங்க. 1887-ல சிலை வச்சாங்க. பல்மா கையை நீட்டி சொசூருக்கு உச்சியைக் காட்டறார். பக்கார் அதுல இல்ல.

ஆனா அன்னிக்கு ஒரு சாட்சி இருந்தார். கெர்ஸ்டோர்ஃப்ங்கிற ஜெர்மன் பிரபு கீழ இருந்து தொலைநோக்கியில பார்த்து, யார் எங்க, எத்தனை மணிக்குன்னு குறிச்சு, படமும் வரைஞ்சு வச்சிருந்தார். ரெண்டு பேரும் தங்கள் கால்லயே உச்சிக்கு நடந்தாங்கன்னு அதுல இருக்கு. 20-ம் நூற்றாண்டுல ஆராய்ச்சியாளர்கள் அதைக் கையில எடுத்த பிறகுதான் டாக்டரோட பேர் மீண்டுச்சு. தூமா மேல எனக்குக் கோபம் இல்ல, அவர் கதைக்காரர். அதை நூறு வருஷம் சரித்திரமா படிச்சவங்க மேலதான்.

இறங்கும்போது நடு ஸ்டேஷன்லயே இறங்கிடுங்க. அங்கிருந்து மலைச்சரிவுல ரெண்டரை மணி நேரம் மாதிரி நடந்தா மோன்டன்வேர். கீழ மேர் து கிளாஸ் பனியாறு, வருஷா வருஷம் இளைச்சுட்டே வருது. அங்கிருந்து பல்சக்கர ரயில் ஊருக்குக் கொண்டு வந்துடும். பல்மா சிலையில எல்லாரும் போட்டோ எடுத்துட்டு இருப்பாங்க. அங்கயே நிக்காம கொஞ்சம் தள்ளிப் போங்க. 200-வது வருஷமான 1986-ல வச்ச பக்கார் சிலை இருக்கு. தனியா உட்கார்ந்து மலையைப் பார்த்துட்டு இருக்கார்.