ஒரே திங்கட்கிழமையில் இரண்டு பிறந்தநாள்

போன வருடம் ஒரு சம்பளக் கணக்கு மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தேன். அமெரிக்காவின் எந்த மாநிலத்தில் என்றைக்கு லீவு என்று அதற்குத் தெரிய வேண்டும். உட்கார்ந்து பட்டியல் போட யாருக்குப் பொறுமை இருக்கு? பைத்தானில் 'ஹாலிடேஸ்' என்று ஒரு லைப்ரரி உண்டு. நாடு, மாநிலம், தேதி கொடுத்தால் விடுமுறையா இல்லையா என்று சொல்லிவிடும். என்ன விடுமுறை என்று கேட்டால் பெயரும் தரும்.

அலபாமாவைப் போட்டுப் பார்த்தேன். ஜனவரி மூன்றாவது திங்கட்கிழமைக்கு இரண்டு பெயர்கள் சேர்ந்து வந்தன: மார்ட்டின் லூதர் கிங், ராபர்ட் ஈ. லீ. ஏதோ பிழை என்றுதான் நினைத்தேன். கிங் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடி உயிரை விட்டவர். லீ, அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் தளபதி. இவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து யாராவது லீவு விடுவாங்களா?

விடுகிறார்கள். அலபாமாவின் சட்டமே அப்படித்தான். மிசிசிப்பியிலும் அதே கதை.

கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பிறந்தநாளை விடுமுறையாக்கும் மசோதாவை நான்கே நாளில் ஜான் கான்யர்ஸ் காங்கிரஸில் கொண்டுவந்தார். அது நிறைவேற 15 வருடம் ஆனது. 1979-இல் கீழவையில் தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்குக்கு ஐந்து ஓட்டு குறைந்தது. கிங்கின் மனைவி கொரெட்டா விடவில்லை. ஸ்டீவி வொண்டர் அதற்காகவே ஒரு பாட்டு போட்டார். லட்சக்கணக்கில் கையெழுத்துகள் சேர்ந்தன. கடைசியில் 1983 நவம்பர் 2-இல் ரீகன் கையொப்பமிட்டார். முதல் விடுமுறை 1986-இல்.

ஆனால் வாஷிங்டன் அறிவிக்கும் விடுமுறை மத்திய அரசு ஊழியர்களுக்குத்தான். மற்றதை அந்தந்த மாநிலம் முடிவு செய்துகொள்ளும். லைப்ரரி மாநிலத்தின் பெயரைக் கேட்பது இதனால்தான்.

அரிசோனாவில் 1990-இல் மக்களிடமே ஓட்டெடுப்பு நடத்தினார்கள். விடுமுறை தோற்றது. 1993-இல் அங்கே நடக்க வேண்டிய சூப்பர் பௌல் கால்பந்து இறுதிப் போட்டியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். 1992-இல் மறுபடி ஓட்டெடுப்பு. இந்த முறை ஜெயித்தது.

அலபாமா வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே லீயின் பிறந்தநாள் ஏற்கெனவே விடுமுறை. அவர் பிறந்தது ஜனவரி 19, கிங் பிறந்தது ஜனவரி 15. மூன்றாவது திங்கள் எப்போதும் 15-க்கும் 21-க்கும் நடுவில்தான் வரும். ஒருவரை எடுக்காமலே இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அதே அலபாமாவின் தலைநகர் மாண்ட்கொமரியில்தான், பிரிந்துபோன மாநிலங்களின் அதிபராக ஜெஃபர்சன் டேவிஸ் 1861-இல் பதவியேற்றார். அந்த மாளிகைக்குக் கொஞ்ச தூரத்தில் உள்ள தேவாலயத்தில்தான் கிங் போதகராக இருந்தார். 1965-இல் செல்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் நின்றதும் அந்த மாளிகைக்கு முன்னால்தான்.

ஆர்கன்சாவும் அப்படித்தான் சேர்த்து வைத்திருந்தது. 2017-இல் சட்டம் போட்டுப் பிரித்தது. இப்படி ஒரு மாற்றம் வந்தால், நிரலில் பழைய வரியை அழித்துவிட முடியாது. பழைய வருடத்தைக் கேட்பவருக்குப் பழைய பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் மென்பொருளுக்கு உண்மையில் ஆம், இல்லை போதும். ஆனால் ஊழியர்கள் பார்க்கும் லீவு காலண்டரில் பெயரும் வரும். "எதுக்கு வம்பு, 'ஸ்டேட் ஹாலிடே'னு போட்டுடு" என்றார் டீம் லீட். மாண்ட்கொமரியில் அதைத் திறக்கப்போகும் ஒரு கறுப்பின ஊழியரை நினைத்துப் பார்த்தேன். அந்த இரண்டு பெயரையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு எப்படி இருக்கும்? நாங்கள் மறைத்தால் மட்டும் அவருக்கு அது தெரியாமலா போகும்?

சட்டத்தில் இருப்பது அப்படியே வரட்டும் என்று சொல்லி, பெயரை விட்டுவைத்தேன். சரியா என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.