பாவாத மலையிலிருந்து விண்ணுக்கு ஒரு மின்தூக்கி



குண்டசாலையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் நம் பிள்ளைகள் காதில் மாட்டியிருப்பது எல்லாம் பாட்டு என்று நினைக்க வேண்டாம். தரம் 9, 10 பிள்ளைகள் சிலர் கேட்பது ஆங்கில ஒலிநூல். விண்கலங்கள், கிரகங்களுக்கிடையே போர், பதினைந்து வயதுக் கதாநாயகன். இதெல்லாம் அமெரிக்காவில் மட்டும் விளையும் சரக்கு என்று அவர்களும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம்.

ஆதர் சி. கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008 இல் கொழும்பில் காலமாகும் வரை இங்கேயே வாழ்ந்தவர். இளைஞர்களுக்காக 1952 இல் 'வானத்துத் தீவுகள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு விண்வெளி நாவல் எழுதினார். ஆனால் நமக்கு முக்கியமானது 1979 இல் வந்த 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்'. பூமியிலிருந்து விண்ணுக்கு ஒரு மின்தூக்கி கட்டும் பொறியியலாளரின் கதை அது. சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றும் ஓர் இடத்திலிருந்து கம்பியை இறக்க வேண்டும். அதற்குப் பூமத்திய ரேகையில் உயரமான ஒரு மலை வேண்டும். கிளார்க் எந்த மலையை எடுத்தார் தெரியுமா? நம் மூத்தவர்கள் பாவாத மலை என்று சொல்லும் அதே மலையை! பெயரை மட்டும் சிறிகந்த என்று மாற்றினார். உண்மையில் அதன் உயரம் 2,243 மீற்றர். கதைக்காக அதை இரண்டு மடங்காக்கினார். தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி ரேகையின் மேல் வைத்தார். இதையெல்லாம் முன்னுரையில் அவரே சொல்லிவிடுகிறார். சிகிரியாவும் வேறு பெயரில் வருகிறது. மலையுச்சியில் மடம் வைத்திருக்கும் பிக்குகள் இடம் தர மறுப்பதுதான் கதையின் முதல் சிக்கல்.

அதே 1979 இல் கேட்மன் என்ற நிறுவனம் இந்த நாவலின் பகுதிகளைக் கிளார்க்கின் சொந்தக் குரலிலேயே இசைத்தட்டாக வெளியிட்டது. 1952 இல் நியூயோர்க்கில் இரண்டு இளம் பெண்கள், கவிஞர் டிலான் தாமஸின் குரலைப் பதிவுசெய்து தொடங்கிய நிறுவனம் அது. இசைத்தட்டின் ஒரு பக்கம் இருபது இருபத்தைந்து நிமிடம்தான் ஓடும். முழு நாவலை அதில் அடக்க முடியாது. தெரிந்தெடுத்துத்தான் படிக்க வேண்டும். கிளார்க் தொழில்முறை நடிகர் அல்லர். தொலைக்காட்சியில் அவரைப் பார்த்த மூத்தவர்களுக்கு அந்தப் பேச்சு நினைவிருக்கும்: விஞ்ஞான ஆசிரியர் பாடம் சொல்வது போல. எங்களுக்கு அதுதான் பிடிக்கிறது. இன்றைய ஒலிநூல்களில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் போட்டுக் கத்துவதைக் கேட்டால் காது வலிக்கிறது.

கண்டிக்கும் ஒலிபரப்புக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. 1944 இல் மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். அவருடைய படையினருக்காக உருவான வானொலியின் வலுவான சிற்றலைப் பரப்பி, போருக்குப் பின் இலங்கை வானொலிக்குக் கிடைத்தது. தமிழ்நாடு முழுக்க நம் அறிவிப்பாளர்களைக் கேட்டது அதனால்தான். பி. எச். அப்துல் ஹமீத் போன்றவர்கள் வானொலி நாடகத்தில் வளர்ந்த குரல்கள்.

குரல் இருந்தது. கதை இருந்ததா? இருந்தது. கண்டியில் பிறந்த சித்தி லெப்பை 1885 இல் 'அசன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் பிள்ளைகள் அதை மறந்துவிடுகிறார்கள். எகிப்தில் பிரபு வீட்டுக் குழந்தை திருடப்படுகிறது. பம்பாயில் தன் பிறப்பு அறியாமல் வளர்கிறது. தேசம் தேசமாக அலைந்து தன்னை யாரென்று கண்டுபிடிக்கிறது. பஸ்ஸில் பிள்ளை கேட்கும் விண்வெளிக் கதைகள் பலவற்றின் எலும்புக்கூடு இதேதான்! கப்பல் கடலில் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வருகிற டிசம்பர் விடுமுறையில் அசன்பேயை நம் பிள்ளைகளின் குரலில் கைபேசியிலேயே பதிவுசெய்யத் தொடங்குகிறோம். பழைய நடையில் சில வசனங்கள் வாயில் நுழைய மறுக்கின்றன. முன்பெல்லாம் வீட்டில் ஒருவர் கிஸ்ஸா படிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்டார்களே, அப்படிப் படித்துப் பழகிய உம்மும்மா, அப்பாமார் உங்கள் வீடுகளில் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். முதல் அத்தியாயத்தை அவர்கள் படிக்கட்டும்.